காட்டிக்கொடுக்கும் சலங்கை

விஜயதசமி அன்று அக்கா மகளைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சணை வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அக்காவின் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. டீச்சர் எழுதிக் கொடுத்தது. காட்டன் சுடிதார், இடுப்பில் கட்டத் துப்பட்டா. அடவு கொஞ்சம் பழகியதும் பிராக்டிஸ் சேலை. தலைமுடியைப் பின்னி மடித்துக் கட்ட வேண்டும். கொலுசு, வளையல், மோதிரம் கூடாது. கைத்துண்டு, தண்ணீர் பாட்டில். கடைசி வரியின் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தது: சலங்கை இப்போது வாங்க வேண்டாம்.

எனக்குத்தான் ஏமாற்றம். தாய்மாமன் சீராகச் சலங்கை வாங்கித் தருவதாக அவளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன். மயிலாப்பூர் மாட வீதியில் விலைகூட விசாரித்தாயிற்று. அடுத்த வாரம் அவளை வகுப்பில் விடப் போனபோது டீச்சரிடமே கேட்டுவிட்டேன்.

"சலங்கை எல்லாத்தையும் காட்டிக்கொடுத்துடும் சார். காட்டிக்கொடுக்கிற அளவுக்கு அவ இன்னும் ஒண்ணுமே கத்துக்கலையே," என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பதில் விடவில்லை. சலங்கையை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதை ஒரு கருவி என்பதுபோலப் பேசினார். சீட்டில் இருந்த மற்றவற்றையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கியபோது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் கொஞ்சம் இயற்பியல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

ஒரு சலங்கை மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நெல்லிக்காயைவிடச் சிறிய உலோகக் கூடு. மேலே தைப்பதற்கு ஒரு காது, அடியில் ஒரு கீறல், உள்ளே ஓர் இரும்புக் குண்டு. அந்தக் கீறல் குண்டு தெரிவதற்காக விட்டது அல்ல. முழுக்க மூடிய உருண்டை விறைப்பாக இருக்கும். தட்டினால் 'டக்' என்று அடங்கிவிடும். கீறல் விட்டதும் அதன் இரு உதடுகளும் இசைக்கவையின் இரண்டு கைகளைப் போல விலகியும் நெருங்கியும் அதிர முடிகிறது. கீறல் நீள நீள ஒலி தடிக்கும்.

உள்ளே உருளும் குண்டுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: பரல். மதுரையில் ஓர் அரசனின் உயிரை வாங்கிய சொல் அது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல்; சிலம்பை உடைத்ததும் வழக்கு முடிந்தது. எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மாணிக்கம் முத்தைவிடப் பலமடங்கு கடினம். கடினமான பரல் கூட்டின் சுவரைத் தொட்டு விலகும் நேரம் மிகக் குறைவு. தொடும் நேரம் குறையக் குறைய ஒலியில் கீச்சுக் கூடும். ஆகவே அந்த இரண்டு சிலம்புகளும் ஒன்றுபோல ஒலித்திருக்க முடியாது. பாண்டியன் நெடுஞ்செழியன் இரண்டையும் காதருகே பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்திருக்கலாம். பாவம், அவனுக்கு அருகில் ஒரு நட்டுவனார் இல்லை.

சலங்கைக்கு வருவோம். கால் அசையும்போது அது ஒலிக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் கால் நிற்கும்போது ஒலிக்கிறது. தூக்கிய கால் கீழே வருகையில் கூடும் பரலும் சேர்ந்தே வருகின்றன. பாதம் தரையில் அறைந்ததும் கூடு சட்டென்று நின்றுவிடுகிறது. பரலைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. அது வந்த வேகத்திலேயே போய்ச் சுவரில் மோதுகிறது. பிரேக் போட்ட பேருந்தில் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வதற்கும் இதற்கும் ஒரே விதிதான், நியூட்டனின் முதல் விதி. இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. காலை வழுக்கினாற்போல மெதுவாக எடுத்தால் பரல் கூட்டோடு ஒட்டிக்கொண்டு போகும், ஒலி வராது. வெடுக்கென்று எடுத்தாலோ, நடுவில் தடுமாறினாலோ, கால் நடுங்கினாலோ பரல் துள்ளும். ஆக, சலங்கை தெரிவிப்பது வேகத்தை அல்ல, வேகம் மாறுவதை. கைபேசியைச் சாய்த்ததும் திரை திரும்புகிறதே, அதற்குள் இருக்கும் முடுக்கமானி செய்யும் வேலையும் இந்த இனம்தான். நம் ஊர்க் கருவிக்கு மின்கலம் தேவையில்லை.

தேர்ந்தவர்களின் கால் காற்றில் இருக்கும்போது சலங்கை ஏறத்தாழ வாயை மூடிக்கொண்டிருக்கும். தரையைத் தொட்ட கணத்தில் ஒரே வெட்டாக விழும். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் காலில் கட்டினால் தூக்கும்போதும் சத்தம், நிற்கும்போதும் சத்தம், மூச்சு வாங்கும்போதும் சத்தம். பாதம் முழுதாக ஒரே நேரத்தில் பதியாமல் குதிகால் முந்தி, விரல் பிந்தி விழுந்தால், வெறுங்காலில் அது 'தப்-தப்' என்று இரண்டாகக் கேட்கும். அரைகுறையாகச் சிணுங்கும் சலங்கைக்குள் அந்த இரண்டும் கரைந்துபோகும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் காட்டிக்கொடுத்தால் எதையுமே காட்டிக்கொடுக்காத மாதிரிதான். டீச்சர் சொன்னது அதைத்தான்.

பாதத்தைத் தட்டிப் பழகும் தட்டடவை முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், நொடிக்கு ஒரு தட்டு என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 250 மில்லி நொடி. இதில் 30, 40 மில்லி நொடி பிசகினால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. திரைப்படத்தில் ஒரு சட்டகம் நிற்கும் நேரமே ஏறத்தாழ 42 மில்லி நொடி. காது அப்படி ஏமாறாது. இரண்டு சொடுக்குகளுக்கு இடையே சில மில்லி நொடி இடைவெளி இருந்தாலே அதைப் பிரித்துக் கேட்க அதற்குத் தெரியும். டீச்சர் தட்டுக்கழியால் தட்டுமனையில் தட்டுகிறார். கட்டையின் ஒலி கூர்மையாகப் பிறந்து உடனே செத்துவிடும். அதன் மேல் பிள்ளையின் பாதம் பொருந்துகிறதா, விலகுகிறதா என்று அவர் குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. எட்டுப் பேர் ஆடும் வகுப்பில் அவர் சுவர் பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்துக்கொண்டே "மூணாவது ஆள், ரெண்டாவது தட்டு" என்று சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

சலங்கை ஏன் பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கிறது? நம் காதுத் துளை ஒரு முனை அடைத்த சிறு குழாய், நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அப்படிப்பட்ட குழாய் 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றிய ஒலிகளைத் தானே தூக்கிக் கொடுக்கும். சிறிய உலோகக் கூடுகளின் கிணுகிணுப்பும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் நிறைய இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி கீழே எங்கேயோ உறுமிக்கொண்டிருக்க, சலங்கை காதுக்குப் பிடித்த அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

எத்தனை மணி கட்டலாம் என்பதற்கு நந்திகேசுவரரின் நாட்டிய நூலான அபிநய தர்ப்பணத்திலேயே கணக்கு இருக்கிறது. மணிகள் வெண்கலத்தால் ஆனவையாக, இனிய ஒலியுடையவையாக இருக்க வேண்டும். நட்சத்திரங்கள் அவற்றுக்குத் தெய்வங்கள். ஓர் அங்குல இடைவெளி விட்டு, நீல நூலில் இறுக்கி முடிச்சிட்டுக் கோக்க வேண்டும். எண்ணிக்கை ஒரு காலுக்கு நூறு அல்லது இருநூறு. வெண்கலம் என்று சொன்னதில் காரணம் இருக்கிறது. செம்போடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்த்தால் உலோகம் கடினமாகிவிடும், அதிர்வைத் தனக்குள் விழுங்காது. கோயில் மணிக்கு அந்தக் கலவைதான். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பித்தளை, செம்பும் துத்தநாகமும். பார்க்கப் பளபளப்பு, ஒலி கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். வகுப்புக்கு அது குறையும் அல்ல. நீளமாக ரீங்கரித்தால் அடுத்த தட்டில் போய் விழும்.

நூறா, இருநூறா என்பதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். வரிசை கூடினால் ஒலியும் அதே அளவு கூடும் என்று ஐந்து வரிசைத் தோல் பட்டையை வாங்கிவிடுகிறார்கள். நூறு மணிகள் ஒரே இழையில் சேர்ந்து அதிர்வதில்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில், சற்றே மாறிய சுருதியில், சற்றே மாறிய கணத்தில் ஒலிக்கிறது. அப்படிப்பட்ட நூறு மணிகள் சேர்ந்தால் ஒற்றை மணியைவிட 20 டெசிபல் கூடும். நம் காது 10 டெசிபல் ஏறினால்தான் 'இரண்டு மடங்கு சத்தம்' என்று உணர்கிறது. ஆகவே நூறு மணியின் சத்தம் ஒரு மணியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு மட்டுமே. நூறை இருநூறு ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் வேறுபாடு புரியும். கூடுதல் மணிகளால் கிடைப்பது சத்தத்தைவிட அடர்த்தி. பல குரல் சேர்ந்து பாடும்போது ஒரு செழுமை வருமே, அது.

எடையோ இப்படிச் சலுகை தருவதில்லை. மணி இருமடங்கானால் எடையும் இருமடங்குதான். பெரியவர்கள் கட்டும் பட்டைகளில் ஒரு காலுக்கு அரைக் கிலோவுக்கு மேல் வருவன உண்டு. அரைக் கிலோ தானே என்று தோன்றும். 1969-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதத்தில் சுமக்கும் எடைக்கு உடம்பு செலவிடும் ஆற்றல், அதே எடையை உடம்போடு சேர்த்துச் சுமப்பதைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு வரை என்று கண்டார்கள். உடம்பின் நடுப்பகுதி பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போகிறது. பாதமோ ஒவ்வோர் அடிக்கும் ஓடி, நின்று, மீண்டும் ஓடுகிறது. இடுப்பு மூட்டிலிருந்து அவ்வளவு தொலைவில் தொங்கும் எடையைச் சுழற்றுவதற்கான பாடு தொலைவின் இருமடியாக ஏறும். எட்டு வயதுப் பிள்ளையின் கணுக்காலில் ஐந்து வரிசை கட்டுவது பெற்றோரின் ஆசையை அவள் கால் சுமப்பது. இரண்டு வரிசை போதும்.

அதனால்தான் முதலில் வெறுங்கால். பட்டியலில் எழுதாமல் விட்ட, ஆனால் மிக முக்கியமான 'உபகரணம்' அதுதான். உள்ளங்காலின் தோலுக்குள் நான்கு வகை உணர்விகள் இருக்கின்றன. அழுத்தத்துக்கு ஒன்று, தோல் இழுபடுவதற்கு ஒன்று, இலேசான தொடுகைக்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னது நொடிக்கு 200, 300 முறை நடுங்கும் அதிர்வுக்குப் பெரிதும் விழித்துக்கொள்ளும். பக்கத்தில் ஆடுபவளின் தட்டு மரத்தரை வழியாக நம் காலுக்கு வருவது இந்த வழியில்தான். காலுறை போட்டால் இந்தச் செய்திகள் மங்கும். அதோடு, வழவழப்பான டைல்ஸ் தரையில் காலுறை போட்டு நாட்டடவுக்குக் குதிகாலை நீட்டிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

உள்ளங்காலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு வியர்வைச் சுரப்பிகள் அங்கே இருக்கின்றன. முதுகிலோ வயிற்றிலோ இவ்வளவு நெருக்கம் இல்லை. வறண்ட தோல் வழுக்கும். சற்றே ஈரப்பட்ட தோல் மென்மையாகித் தரையோடு படிந்து நன்றாகப் பிடிக்கும். ஈரம் மிகுந்துவிட்டால் நடுவே நீர்ப்படலம் புகுந்து மறுபடி வழுக்கும். இந்த நடு நிலையில் காலை வைத்திருக்கத்தான் பட்டியலில் இருந்த கைத்துண்டு. முகம் துடைக்க என்று நினைத்தேன். பிள்ளைகள் பாதி நேரம் கால் துடைப்பதைத்தான் பார்க்கிறேன்.

வெறுங்காலுக்குச் சரியான தரையும் வேண்டும். தட்டும் பாதம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது அதன் மேல் விழும் விசை. இரண்டு மில்லிமீட்டரில் நிற்பதற்குப் பதில் நான்கு மில்லிமீட்டரில் நின்றால் சராசரி விசை பாதியாகிவிடும். ஓடும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தையும், கணுக்காலின் மடிப்பும் இந்த மில்லிமீட்டர்களைச் சம்பாதித்துத் தருகின்றன. தட்டடவிலோ பாதம் தட்டையாக, ஒரே அறையாக விழ வேண்டும் என்பது இலக்கணம். கணுக்கால் உதவிக்கு வருவது குறைவு. மிச்ச மில்லிமீட்டரைத் தரைதான் தர வேண்டும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை வளைந்து கொடுக்கும். கான்கிரீட்டின் மேல் ஒட்டிய கிரானைட் இம்மியும் கொடுக்காது. கொடுக்காததையெல்லாம் முழங்காலும் கீழ்க்கால் எலும்பும் வாங்கிக்கொள்ளும். அடுக்குமாடிகளின் வாகன நிறுத்தத்தில் நடக்கும் வகுப்புகளைப் பார்க்கும்போது, பட்டியலில் சலங்கைக்குப் பதில் தரையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

உலகின் மற்ற ஆடல்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. ஸ்பெயினின் ஃபிளமெங்கோவில் காலணியின் முனையிலும் குதியிலும் சிறு ஆணிகள் அடித்திருக்கும்; அங்கே தரையில் பேசுவது செருப்பு. பாலேக்காரர்கள் விரல் நுனியில் நிற்பதற்கு அணியும் காலணியின் முனை மரக்கட்டை என்று பலர் நம்புகிறார்கள். மரபான முறையில் அது துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக வைத்து இறுக்கிய கூடு. வியர்வையில் ஊறி ஆட ஆட அதன் விறைப்பு போய்விடும். நாம் ஒலியைக் கணுக்காலுக்கு ஏற்றிவிட்டுப் பாதத்தைச் சும்மா விட்டுவிட்டோம். எது உயர்வு என்ற சண்டை வேண்டாம். கணுக்காலில் கட்டியது பாதத்தின் தொடுவுணர்வைக் கெடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

இனித் துணி. முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்காரும் கால் துணியிடம் கேட்பது சாதாரணமானது அல்ல. முழங்காலை நன்றாக மடக்கும்போது அதன் முன்புறத் தோல் நெடுக்குவாட்டில் 35 முதல் 45 சதவீதம் வரை நீள்கிறது. தோல் நீளும், நெய்த பருத்தி அப்படி நீளாது. ஆகவே துணிக்கு மூன்றே வழி. தோலின் மேல் வழுக்கி நகரலாம், தளர்வாக இருந்து இடம் கொடுக்கலாம், அல்லது தானே நீளலாம். இறுகத் தைத்த ஜீன்ஸ் இந்த மூன்றையும் மறுக்கும். போட்டுக்கொண்டு முழுமண்டி உட்கார்ந்தால் ஒன்று கால் மடங்காது, இல்லை தையல் பேசிவிடும். சுடிதார் பேன்ட் தைக்கும் டெய்லர் துணியை மூலைவாட்டில், 45 பாகை சாய்த்து வெட்டுவது சும்மா அல்ல. பாவு நூலும் ஊடை நூலும் தனித்தனியே நீளாவிட்டாலும், சாய்வாக இழுத்தால் அவற்றின் இடையே இருக்கும் சதுரங்கள் சாய்சதுரமாகச் சரிந்து கொடுக்கும். ஒரு கைக்குட்டையை மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் உடனே புரியும்.

"அப்படின்னா லெகின்ஸ் போட்டுக்கலாமே மாமா, நல்லா நீளுமே," என்றாள் அக்கா மகள். நியாயமான கேள்வி. 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பாண்டெக்ஸ் இழை, தன் நீளத்தைப் போல ஐந்து மடங்கு நீண்டும் திரும்ப வந்துவிடும். அதைச் சிறிதளவு கலந்து பின்னிய துணி அரைமண்டிக்குத் தடையே சொல்லாது. பாலே வகுப்பின் ஒட்டு உடையும் அப்படித்தான். அதற்கு லியோடார்ட் என்று பெயர் வந்தது, 1859-ல் பாரிஸில் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குப் பறந்து காட்டிய சர்க்கஸ்காரர் ழூல் லெயோதாரின் நினைவாக. உடம்பின் ஒவ்வொரு தசையும் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அந்த உடையின் கொள்கை.

நம் பிராக்டிஸ் சேலை அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திராவின் பெயரோடு சேர்ந்து பரவிய உடை இது. அகலம் குறைந்த கெட்டிப் பருத்திச் சேலை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கரை நிற்கும்படி, உள்ளே பைஜாமா போட்டு, முந்தானையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. மேடை உடையைத் தைத்த உடையாக மாற்றி அமைத்ததிலும் ருக்மிணி தேவிக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்புக்கு மட்டும் தைக்காத சேலையே தங்கிவிட்டது. தங்கியதற்கு மரபு ஒரு காரணம். கொத்தனாருக்குத் தெரிந்த காரணம் இன்னொன்று. கரை தரைக்கு இணையாக ஓட வேண்டும். ஓர் இடுப்பு ஏறினால் கரை சாய்ந்துவிடும். அது ரசமட்டம். முன்னால் விழும் கொசுவம் நேர்க்கோடாகத் தொங்க வேண்டும். உடம்பு ஒரு பக்கம் சரிந்தால் கொசுவம் நடுவிலிருந்து விலகிவிடும். அது தூக்குக் குண்டு. குறுக்கே போகும் முந்தானை, தோள் எங்கே திரும்புகிறது, இடுப்பு எங்கே நிற்கிறது என்பதற்குச் சாய்கோடு போட்டுத் தருகிறது. இறுக்கமான லெகின்ஸ் தசையைக் காட்டும். சேலை கோட்டைக் காட்டும். பரதநாட்டியம் கோடுகளின் கலை என்பதால் என் ஓட்டு சேலைக்கு. சின்னப் பிள்ளைகளுக்குச் சேலை கட்டிவிடும் அம்மாக்களின் காலை நேரத்தை நினைத்தால் துப்பட்டாவுக்கும் பாதி ஓட்டுப் போடுவேன்.

பின் குத்தாமல், தைக்காமல் ஒரு துணி ஒரு மணி நேரக் குதிப்பை எப்படித் தாங்குகிறது? கிணற்று வாளியின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூடப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பது கிராமத்தில் தெரிந்ததே. சுற்றுக்குச் சுற்று உராய்வு கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று இழுவையைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கும். இரண்டு சுற்று ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்காக்கும். ஆடும் உடம்பு மரக்கம்பம் அல்ல, மூச்சுக்கு மூச்சு சுற்றளவு மாறும். கணக்கு அப்படியே செல்லாது. ஆனாலும் இடுப்பில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று கட்டும் பிள்ளையின் முந்தானை அவிழாதது ஏன் என்பதற்கு இது போதும். சலங்கைக் கயிற்றைக் கணுக்காலில் சுற்றிச் சுற்றிக் கட்டுவதும் இதே கணக்கு. ஜார்ஜெட், சிந்தெடிக் சில்க் துப்பட்டாக்களில் உராய்வு குறைவு. முதல் காலம் முடிவதற்குள் அவிழ்ந்து காலில் சிக்கும்.

பருத்தியின் இன்னொரு பெருமை வியர்வை. 100 கிராம் பருத்தி காற்றிலிருந்தே ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டும் உலர்ந்ததுபோல இருக்கும். பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட வாங்காது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டிய வியர்வை எதையும் தூக்குவதில்லை, தரையைத்தான் நனைக்கிறது. சென்னையின் மே மாதக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் சொட்டுவதுதான் அதிகம். அங்கே பருத்தியை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. நனைந்த பருத்தி கனக்கும், தொடையில் ஒட்டும், உலர நேரம் எடுக்கும். ஏசி அறையில் ஓய்வெடுக்கும்போது குளிரவைக்கும். வகுப்பில் மின்விசிறிக்கு நேராக நிற்க நடக்கும் சண்டைக்கு அறிவியல் ஆதரவு முழுமையாக உண்டு. மாற்று ரவிக்கை ஒன்று பையில் இருக்கட்டும்.

முடி, நகை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் தொங்கும் பின்னல் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை விலகும். அரை நொடியில் ஒரு சுற்றென்றால் 70 பாகையைத் தாண்டும். அந்த உயரத்தில் அடுத்த பிள்ளையின் கண் இருக்கிறது. குஞ்சலம் கட்டியிருந்தால் இன்னும் மோசம். கொலுசோ சலங்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு தோலைக் கிழிக்கும், தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் முனகிக்கொண்டும் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்துச் சலங்கை வாங்கினோம். இரண்டு வரிசை, தோல் பட்டை. கடைக்காரர் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்றார். புளியின் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த கறையைக் கரைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த ஈரம் தோலுக்குள் இறங்கி விறைக்க வைக்கும், பரலைத் துருப்பிடிக்க வைக்கும். வியர்வையின் உப்பு செம்போடு சேர்ந்து பச்சையாகப் பூப்பதற்குள், ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைப்பதே நல்லது. இதை நான் அவளிடம் மூன்று முறை சொன்னேன். இரண்டாவது முறையிலேயே அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சலங்கை பூஜை முடிந்து டீச்சர் கட்டிவிட்டார். கயிறு கணுக்காலில் சுற்றிச் சுற்றி ஏறியது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் தட்டடவுக்குக் காத்திருக்க, டீச்சர் வாசலைக் காட்டினார்.

"அங்கேருந்து இங்கே நடந்து வா. சத்தம் வரக் கூடாது."

அவள் நடந்தாள். நான்காவது அடியில் சலங்கை லேசாகச் சிணுங்கியது. நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, டீச்சரைப் பார்த்தாள்.

"திரும்பப் போ," என்றார் டீச்சர்.